சம்பளமும் சமாதானமும்

அன்புள்ள சார்,

எங்கள் நிறுவனத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. 'பே' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் மூலமே 'அமைதி'தான், ஆகவே வாங்குகிற சம்பளத்தில் மனம் அமைதியடைய வேண்டும் என்பதே அந்தச் சொல்லின் உண்மைப் பொருள் என்றார் பேச வந்தவர். இன்க்ரிமென்ட் தள்ளிப்போன சமயம், பின்வரிசையில் ஒரே சிரிப்பு. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இது நிஜமா, வாட்ஸாப் கதையா? 'சேலரி' உப்பிலிருந்து வந்தது என்பார்களே, அந்த ரகமா?

எம்., கோவை

அன்புள்ள எம்,

வேர் நிஜம். அதை வைத்து அவர் சொன்ன நீதிதான் தலைகீழ்.

லத்தீனில் 'பாக்ஸ்' என்றால் சமாதானம், 'பாகாரே' என்றால் சமாதானப்படுத்துவது. படையோடு போய் ஒரு நாட்டை அடக்கிவிட்டு வருவதையும் ரோமானியர்கள் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள், அது வேறு கதை. பிற்கால லத்தீனில் இது கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதைக் குறிக்க வந்தது. வாசலில் வந்து நிற்பவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து, அவர் சத்தம் போடாமல் திரும்பிப்போகும்படி செய்வது. பழைய பிரெஞ்சு வழியாக 1200 வாக்கில் 'பே' ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பணம் கொடுப்பது, ஒருவரைத் திருப்திப்படுத்துவது என இரண்டு பொருளையும் சுமந்துகொண்டுதான் வந்தது.

ஆக, இந்தச் சொல்லில் அமைதி யாருக்கு? பாக்கி வரவேண்டியவருக்கு. அமைதிப்படுத்தும் பொறுப்பு யாருடையது? பாக்கி வைத்திருப்பவருடையது. மாதக் கடைசியில் உங்கள் நிறுவனத்தில் யார் யாருக்குப் பாக்கி என்று கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேரைக் காட்டி வாதிடுவதானால், அந்த வகுப்பை நிர்வாகத்துக்குத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இலக்கணத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. திருப்தி என்ற பொருளில் அந்த வினைக்கு ஆள்தான் செயப்படுபொருள்: 'அவரை' பே செய்வது. ரூபாயை, வாடகையை, கடனை பே செய்வதெல்லாம் பணம் என்ற பொருள் ஓங்கிய பிறகு வந்தவை. தமிழில் கடனைத் தீர்க்கலாம், கணக்கைத் தீர்க்கலாம். 'அவரைத் தீர்த்துவிட்டேன்' என்றால் போலீஸ் வரும்.

திருப்திப் பொருள் கண்ணெதிரே மறைவதைப் பார்க்க விவிலியத்தில் ஓர் இடம் இருக்கிறது. லூக்கா 3:14. படைவீரர்கள், ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவானிடம் வந்து 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் விக்லிஃப் என்ற ஆங்கிலேய இறையியலாளரின் வட்டத்தார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், சம்பளத்தோடு 'அப்பேய்ட்' ஆக இருங்கள் என்று பதில் வருகிறது. அதே வேர், ஆனால் பொருள், திருப்தியாக இருங்கள். 1611-இன் கிங் ஜேம்ஸ் பதிப்பில் அந்த இடத்தில் 'கன்டென்ட்' உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் 'பே' கல்லாப்பெட்டிப் பக்கம் போய்விட்டது. பிளீஸ், சாட்டிஸ்ஃபை, கன்டென்ட் என்று அந்த வேலைக்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ் விவிலியத்தில் அது 'உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்'. உங்கள் பேச்சாளருக்கு இது தெரியாமல் போனது நல்லதாயிற்று. தெரிந்திருந்தாலும், அதற்கு முந்தைய வரியையும் அவர் வாசிக்க வேண்டியிருந்திருக்கும்: யாருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாகக் குற்றஞ்சாட்டாதீர்கள். சம்பளம் போதும் என்று சொல்லப்பட்டது ஊர்க்காரர்களை மிரட்டிப் பறிக்கக்கூடிய படைவீரர்களிடம். இன்க்ரிமென்ட் கேட்டு நின்ற குமாஸ்தாக்களிடம் இல்லை.

'சாட்டிஸ்ஃபாக்ஷன்' இதற்கு நேர் எதிர்த்திசையில் பயணம் செய்தது. லத்தீனில் 'போதுமான அளவு செய்தல்'. ரோமானியரிடம் கடன் கொடுத்தவருக்குக் கணக்கு முடிப்பது, திருச்சபையில் பாவத்துக்குப் பரிகாரம் செய்வது. மனசில் தோன்றும் நிறைவு என்ற பொருள் பின்னால் வந்து மற்றதையெல்லாம் மூடிவிட்டது. பழைய பொருள் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வங்கிக் கடன் அடைந்ததும் நீங்கள் நிரப்பும் சிஎச்ஜி-4 படிவத்தை நினைத்துப்பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டம், 82-ஆம் பிரிவு, 30 நாள் கெடு, 'சாட்டிஸ்ஃபாக்ஷன் ஆஃப் சார்ஜ்', அதாவது கடனுக்காகச் சொத்தின் மேல் வங்கிக்கு இருந்த உரிமை தீர்ந்தது என்ற அறிவிப்பு. அதில் வங்கி மேலாளரின் மனநிலையை யாரும் கேட்பதில்லை.

ஒன்று மனசிலிருந்து பணத்துக்கு, மற்றது பணத்திலிருந்து மனசுக்கு. பிறகு, 1959-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் சகாக்களும் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பேரைப் பேட்டி கண்டார்கள். எல்லாரும் பொறியாளர்கள், கணக்காளர்கள். உங்கள் இனம்தான்! சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் சம்பளம் சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் திருப்தி வந்துவிடாது, அது சாதனை, அங்கீகாரம், வேலையின் தன்மை இவற்றிலிருந்து வருவது என்பது அவர்கள் முடிவு. அவர்கள் முறையைப் பற்றிச் சண்டை இன்றும் ஓயவில்லை. நிர்வாகங்கள் இரண்டாம் பாதியை மட்டும் உற்சாகமாக மேற்கோள் காட்டும். முதல் பாதியும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

உப்பு விஷயம்: 'சேலரி'யின் தாய்ச்சொல்லான 'சலாரியும்' உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது சரி. ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. நம் ஊர்க்காரர்களும் விட்டுவைக்காமல் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது சம்பளம் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'சம்பலம்' என்று ஒரு சொல் உண்டு, வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு என்று பொருள். நம் சம்பளம் அதிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.