மாத்திரையால் கெட்டவனுக்கு மறுபடியும் மாத்திரையா?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. சென்னையில் சி.ஏ. படித்தபோது, விழித்திருந்து படிக்கலாம் என்று அறைத்தோழன் கொடுத்த மெத்தில்பெனிடேட் மாத்திரையில் தொடங்கி, ஓர் அட்டையை இரண்டே நாளில் தீர்க்கும் நிலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு அழைத்து வந்து 12 நாட்கள் ஆகின்றன, எந்நேரமும் தூங்குகிறான். பிள்ளையார்பட்டியில் சத்தியம் வாங்கிவிட்டேன். மருத்துவரோ, இவனுக்குச் சிறு வயது முதலே கவனக்குறைபாடு (ஏ.டி.எச்.டி.) இருந்திருக்கலாம், அதற்கு மருந்து தேவைப்படும் என்கிறார். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் பங்காளிகள். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள ஆச்சி,

மருத்துவர் பேச்சைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், எட்டு வயதில் அவனை இரண்டாங்கட்டிலிருந்து உப்புச் சாடியை எடுத்துவரச் சொன்னால் வளவிலேயே நின்று, வந்த வேலையை மறந்து, தூணைச் சுற்றிக்கொண்டிருப்பான் என்றும், அதற்காக அப்பச்சியிடம் அடி வாங்குவான் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். கவனக்குறைபாடு என்று முடிவு செய்வதற்கு, அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே வீட்டிலும் பள்ளியிலும் தென்பட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் அளவுகோல். அவன் சோம்பேறி என்று இத்தனை ஆண்டுகள் திட்டு வாங்கியவன், அந்த மாத்திரையைப் போட்ட முதல் நாள் மனம் ஓரிடத்தில் நின்றதைக் கண்டிருப்பான். அதை விடமுடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெத்தில்பெனிடேட் ஓர் ஊக்கமருந்து. அது மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்களின் அளவைக் கூட்டுகிறது. மருத்துவர் அளந்து கொடுக்கும்போது கவனம் நிலைக்கிறது. அட்டை அட்டையாக விழுங்கும்போது தூக்கமும் பசியும் போய், மேலும் வேண்டும் என்ற வேட்கை ஒன்றே மிஞ்சுகிறது. இதனால்தான் நம் நாட்டு மருந்து விதிகள் இதைக் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் வைத்து, மருந்துச் சீட்டின் ஒரு படியைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன.

இப்போது அவன் தூங்குவது திமிர் அல்ல. ஊக்கமருந்தை நிறுத்தியதும் அளவற்ற தூக்கமும் பசியும் எரிச்சலும் மனச்சோர்வும் வருவது வழக்கம். தூங்கட்டும், வேளைக்குச் சாப்பாடு கொடுங்கள். ஆனால் அந்தச் சோர்வில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழக்கூடும் என்பதால், வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் ஒரு வார்த்தை பேசினாலும் அவனைத் தனியே விடாமல், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவிலும் பேசக்கூடிய அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மாத்திரையால் கெட்டவனுக்கு மறுபடியும் மாத்திரையா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. எனினும் கவனக்குறைபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த தேர்வு நெருங்கும்போது அவன் பழைய தோழனைத் தேடிப் போகவே வாய்ப்பு அதிகம். ஊக்கமருந்து வகையைச் சேராத அட்டோமாக்செட்டின் என்ற மருந்து உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆனால் போதை தராது. அது இவனுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊக்கமருந்தே தேவை என்று அவர் கருதினால், மெதுவாக வேலை செய்யும் வகையை ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டை உங்கள் அலமாரியில் இருக்கட்டும், காலையில் ஒன்றை நீங்களே கொடுங்கள். உறவினர் முன்னால் எண்ணிக் காட்டாதீர்கள். மருந்தோடு, அடிமைத்தனத்துக்கான ஆலோசனையும் தொடர்ந்து நடக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது திரும்ப இழுக்கும்.

சத்தியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் இடையில் ஒருமுறை தவறினால், சத்தியத்தை முறித்துவிட்டோம் என்ற வெட்கத்தில் அவன் அதை உங்களிடமிருந்து மறைப்பான். தவறினால் அன்றைக்கே சொல், ஆத்தா அடிக்கமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவையுங்கள்.

கல்யாணப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். வரப்போகும் பெண் மருந்து அல்ல.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, மகனின் தொடக்கப்பள்ளி மதிப்பெண் அட்டைகள் பெட்டகத்தில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளை அவர் கேட்பார். உப்புச் சாடிக் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.