வலையில் ஓட்டை இல்லை, குருவிகள் மட்டும் சாகின்றன

முதலில், நீங்கள் எழுதியிருந்த, கால் அறுந்த பட்ஜியை (கூட்டில் வளர்க்கும் சிறு கிளியினக் குருவி) இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பூனை கடித்திருந்தால் காயம் சிறிதானாலும் நஞ்சேறிவிடும். மஞ்சள் பூசிப் பயனில்லை.

தெஹிவளையில் பின்வளவுக் கூட்டில் ஒரே இரவில் இரண்டு பட்ஜிகள் செத்துக் கிடந்தன, அயலவர் பாம்பு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாரை புகுந்திருந்தால் குருவியை முழுதாக விழுங்கியிருக்கும். இது பூனையோ மரநாயோதான். இருட்டில் வெருண்ட குருவி வலையைப் பற்றித் தொங்கும். வெளியே நின்றே கடித்துவிடலாம்.

ஆகவே 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு இரண்டாவது வலை அடியுங்கள். வலைக்கண் 12 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம், எலிக்கும் சேர்த்துத்தான். நாகம் (சிங்க் உலோகம்) பூசிய புதுக் கம்பியை வினாகிரியால் தேய்த்துக் கழுவுங்கள். பட்ஜிகள் கம்பியைக் கொறிக்கும், நாகம் அவற்றுக்கு நஞ்சு. சோம்பலில் இதை விட்டு நான் ஒரு சோடியை இழந்தேன்.

இரவில் மங்கலான மின்குமிழ் ஒன்று எரியட்டும், வெருட்சி குறையும். மே மாத மழைக்கு முன் தென்மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் மறைத்துவிடுங்கள்.