டைமிங் மார்க்கை மட்டும் நம்பலாமா?

கேள்வி: 1970களில் வந்த இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிறேன். செயின் புதியது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை அரை மில்லிமீட்டர் சீவி ஃபேசிங் செய்தாயிற்று. கேம்கள் ரீகிரைண்ட், அதாவது மறுபடி அரைத்தவை. கோணத்தைத் திருத்தக்கூடிய அட்ஜஸ்டபிள் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். மெக்கானிக்கோ கம்பெனி போட்ட டைமிங் மார்க்குகளை மார்க்குக்கு மார்க் வைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். முதலில் கிராங்க் திரும்பும் கோணத்தைக் காட்டும் டிகிரி வீலும், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜும் வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். ஸ்பிராக்கெட் அப்புறம்.

எஞ்சின் புதிதாக இருந்தபோதுதான் அந்த மார்க் சரி. ஹெட்டைச் சீவியதும் கேம் கிராங்க்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அருகே இறங்கிவிடுகிறது, அதனால் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், பின்தங்கும். 10 செ.மீ. விட்டமுள்ள ஸ்பிராக்கெட் என்றால், நீங்கள் சீவிய அரை மில்லிக்குக் கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 1 டிகிரி. இது பெரிதில்லை. எனக்குக் கவலை ரீகிரைண்ட் கேம்தான். அரைத்தவர் லோபை (வால்வைத் தள்ளும் மேடு) எந்தக் கோணத்தில் விட்டிருக்கிறார் என்று மார்க்கைப் பார்த்துத் தெரியாது. லிஃப்ட் (லோப் தூக்கும் உயரம்), லோப் சென்டர் (லோபின் உச்சி வரும் கிராங்க் கோணம்), டேப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள பாகம்) இடைவெளி மூன்றும் எழுதிய கேம் கார்டை அவரிடம் கேட்டு வாங்குங்கள். கார்டு தர முடியாதவரிடம் கேம் வாங்கவே வேண்டாம்.

அளக்கும்போது டாப் டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை, கண்ணால் குறிக்காதீர்கள். பிளக் துளையில் ஸ்டாப்பர் பொருத்தி, பிஸ்டன் மெல்ல முட்டும்வரை இரு பக்கமும் கையால் திருப்புங்கள். இரண்டுக்கும் நட்ட நடுவில் வீலின் பூஜ்யம் வரவேண்டும். அதன்பின் ஸ்டாப்பரை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

இப்போது டயல் கேஜை இன்லெட் டேப்பெட்டின் மேல் நிறுத்துங்கள். லோபின் உச்சியில் கிராங்க் சில டிகிரி நகர்ந்தாலும் முள் அசையாமல் நிற்கும். அங்கே கோணம் படித்தால் பிழைதான். உச்சிக்கு 1.27 மி.மீ. கீழே, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று படியுங்கள். 78, 146 என்று வந்தால் சராசரி 112. கார்டில் 108 என்று இருந்தால் உங்கள் இன்லெட் கேம் 4 டிகிரி தாமதம். இந்த அளவுகளை எடுக்கும்போது கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் செயினின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். எக்ஸாஸ்ட்டுக்கும் இதே முறைதான்.

ஓரிரு டிகிரி வித்தியாசம் என்றால், சாலையில் ஓட்டும் காருக்கு நான் புது ஸ்பிராக்கெட் வாங்கமாட்டேன். 4 டிகிரி என்றால் வாங்குவேன். செயினை ஒரு பல் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: 36 பல் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் என்பது கிராங்க்கில் 20 டிகிரி! வாங்குவதற்கு முன் பழைய ஸ்பிராக்கெட்டையும் ஒருமுறை பாருங்கள். ஆல்ஃபா ரோமியோ, ஜாகுவார் எக்ஸ்கே போன்ற பழைய இரட்டை கேம் எஞ்சின்களில் நுணுக்கமாகத் திருத்தும் வசதி கம்பெனியிலிருந்தே உண்டு.

திருத்தியபின் பிளக்குகள் இல்லாமலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் ஸ்பேனரை அழுத்தாதீர்கள், வால்வு வளைந்துவிடும். இன்லெட்டை முன்னே நகர்த்தும்போது அந்த வால்வு பிஸ்டனுக்கு இன்னும் நெருங்கும் என்பதால், பிஸ்டன் தலையில் மாடலிங் களிமண் வைத்து இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்.

வேலையை மெக்கானிக்கிடமே விடுவதானால், இரண்டு கேம்களின் லோப் சென்டர் அளவுகளையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.