வணக்கம் பிறகு பழகட்டும், முதலில் ‘வேண்டாம்’

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு பழகப் பயிற்றுவது பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகள் சில. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கிளிநொச்சித் தாய்: மகனுக்கு நாலு வயது. இன்னும் கதைக்கிறானில்லை. ஏதும் வேணுமெண்டால் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் அலுமாரியில வைப்பான். ஆக்களைக் கண்டால் வணக்கம் சொல்லப் பழக்கச் சொல்லி மாமியாக்கள் நிக்கினம். எங்க தொடங்கிறது?

பதில்: காது கேட்கும் திறனைப் பரிசோதித்தாயிற்றா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. வணக்கத்தை இப்போதைக்கு விடுங்கள். வணக்கம் சொன்னால் மாமிக்குச் சந்தோசம், மகனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு செயலுக்கு உடனே பலன் கிடைத்தால் அந்தச் செயல் திரும்பவும் வரும். நடத்தைச் சிகிச்சை முழுவதும் நிற்பது இந்த ஒன்றில்தான். ஆகவே மகனுக்கே பலன் தருகிற திறனில் தொடங்குங்கள். அதாவது, கேட்பது.

கையை இழுப்பதும் கேட்பதுதான், ஆனால் உங்கள் கைக்கு மட்டுமே விளங்கும். வெளியே தெரியும் மூடிப் போத்தலில் பிஸ்கட்டைச் சின்னத் துண்டுகளாக உடைத்துப் போடுங்கள். முழுப் பிஸ்கட் கொடுத்தால் ஒரு தரம்தான் கேட்பான், துண்டு என்றால் பத்துத் தரம் கேட்பான். நீங்கள் முன்னால் இருங்கள். தகப்பனோ அக்காவோ பின்னால் இருந்து, வாயால் ஒன்றும் சொல்லாமல், அவன் கையைப் பிடித்து பிஸ்கட் படத்தை உங்கள் கையில் வைக்க உதவட்டும். படம் கைக்கு வந்த கணமே “பிஸ்கட்” என்று சொல்லிக் கொடுங்கள். பின்னாலிருப்பவர் தன் உதவியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அமெரிக்காவில் அன்டி பொண்டியும் லோரி ஃப்ரொஸ்டும் 1985இல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையின் முதற்படி இது. படம் கொடுத்துப் பழகினால் பேச்சு வராது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

அடுத்தது மறுப்பது. பிடிக்காத சாப்பாட்டைத் தட்டிவிடுகிற பிள்ளைக்கு, தலையாட்டியோ கையை விரித்தோ ‘வேண்டாம்’ காட்டப் பழக்குங்கள். காட்டியதும் உடனே தட்டை எடுத்துவிடுங்கள். மறுப்புக்கு மதிப்பிருக்கிறது என்று கண்ட பிள்ளைக்குக் கத்தவேண்டிய தேவை குறையும்.

புதுக்குடியிருப்புத் தந்தை: கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போய்வர ஒருநாள் கூலி போகுது. மாதம் ஒருக்கால்தான் ஏலும். கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி குடுத்தால்தான் சரிவரும் எண்டு இன்ரநெற்றில கிடக்கு. எங்கட பிள்ளைக்கு அப்ப வழியில்லையா?

பதில்: அந்த 40 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு அது. கிழமைக்கு 40 மணித்தியாலமளவு தீவிரப் பயிற்சி பெற்ற 19 சிறுபிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்குமளவுக்கு வந்தார்கள் என்றது. எந்தப் பிள்ளைக்குத் தீவிரப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்காத ஆய்வு என்பதால் அதன் முடிவுகள் பற்றி இன்றும் வாதம் உண்டு. அக்காலப் பயிற்சியில் அதட்டலும் அடியும்கூட இருந்தன. அதை இன்று யார் செய்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது பயிற்சி விளையாட்டுக்குள்ளும் அன்றாட வேலைகளுக்குள்ளும் வந்துவிட்டது. நிபுணர்கள் குறைந்த இடங்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கான பயிற்சித் திட்டமொன்றை வைத்திருக்கிறது. 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது. ஒன்பது குழு அமர்வும் மூன்று வீட்டுச் சந்திப்பும்தான் முழுத் திட்டம். உங்கள் பகுதியில் அப்படி ஏதாவது நடக்கிறதா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்த மாதம் தொல்லை தந்த ஒன்றைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஒரேயொரு திறனுக்கு வழி கேட்டு வாருங்கள். கிணற்றடியில் வாளி பிடிக்கும்போது “ஊத்து” என்று சொல்லவைத்து ஊற்றுவது, தேத்தண்ணிக்கு முறை வைத்துச் சீனி போடுவது, எல்லாம் பயிற்சிதான். காசு வாங்கி முற்றாகக் குணமாக்குவேன் என்பவரிடம் போகவேண்டாம்.

மல்லாவி முன்பள்ளி ஆசிரியை: ஒரு பிள்ளை பக்கத்தில் வருபவர்களைத் தள்ளிவிடுகிறான், அடிக்கிறான். வெளியே இருத்தினால் அமைதியாகிவிடுகிறான். ஆனால் நாளுக்கு நாள் அடி கூடுகிறது.

பதில்: ரீச்சர், உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. அடித்தால் வெளியே போகலாம் என்று பிள்ளை படித்துவிட்டான். வெளியே அமைதி, யாரும் மேலே முட்டுவதில்லை. நீங்கள் தண்டனை என்று நினைப்பது அவனுக்குப் பரிசு.

கொப்பியில் மூன்று கோடு கீறி ஒரு கிழமை எழுதுங்கள்: அடிக்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், பின் என்ன கிடைத்தது. பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் தெரியவரும். யாராவது தன்னைக் கவனிக்கவேண்டும், ஒரு பொருள் வேண்டும், ஒன்றிலிருந்து தப்பவேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு இதமாக இருக்கிறது. அடி ஒன்றுதான், காரணத்துக்கேற்ப மருந்து வேறு. கவனத்துக்காக அடிப்பவனை வெளியே விட்டால் பலன் இருக்கலாம். தப்புவதற்காக அடிப்பவனுக்கு அது எண்ணெய் ஊற்றுவதுதான்.

உங்கள் பிள்ளைக்கு, அடி செய்கிற வேலையைச் செய்யக்கூடிய இன்னொன்றைக் கொடுங்கள். ஒரு சிவப்பு அட்டை போதும். அதைத் தூக்கினால் இரண்டு நிமிடம் மாமரத்தடி. முதல் நாட்களில் அடிக்கு முன்பே, முகம் இறுகும்போதே, நீங்களாக அவன் கையால் அட்டையைத் தூக்கவையுங்கள். நாளுக்கு இருபது தரம் தூக்கினாலும் விடுங்கள், காத்திருக்கப் பிறகு பழக்கலாம். அடித்து வெளியேற முடியாது என்றானதும் சில நாள் அடி முன்னரைவிடக் கூடும். அங்கே கைவிட்டால், இன்னும் பலமாக அடிக்கவேண்டும் என்று நாமே படிப்பித்ததாகிவிடும். மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த நாட்களில் உதவிக்கு ஒருவரை அருகில் வைத்திருங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. பொறுமையான இருவரைத் தெரிந்து, முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட, பொருளை நீட்டிவிட்டுக் காத்திருக்கப் பழக்குங்கள். பழகத் தெரியாதவன் அவன் ஒருவன் மட்டுமல்லவே.

முள்ளியவளை அம்மம்மா: பேரன் வற்றாப்பளைப் பொங்கலில பறைச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு விழுந்து கத்தினான். அம்மாளுக்கு நேர்த்தி வைக்கச் சொல்லுகினம்.

பதில்: நேர்த்தி உங்கள் விருப்பம், அம்மா. ஆனால் அது பேயுமில்லை, கோபமுமில்லை. அந்தச் சத்தம் அவனுக்கு நோகிறது. தாங்கப் பழகட்டும் என்று பிடித்து வைத்திருக்காதீர்கள். சனம் சேர முன் காலையில் கூட்டிப்போய்க் கும்பிட்டுவிட்டு, அவன் கேட்கும்போது திரும்பி வாருங்கள்.

ஒட்டுசுட்டான் தாய்: தடுப்பூசியாலதான் வந்ததெண்டு சொல்லுகினம், உண்மையே?

பதில்: இல்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. தம்பி தங்கச்சிக்கு ஊசி போடத் தவறாதீர்கள்.

மாங்குளம் தாய்: ஐந்து வயது மகன் யூடியூப் பார்த்து இங்கிலீசில நிறம், மிருகம் எல்லாம் சொல்லுவான். தமிழில அம்மா எண்டும் கூப்பிடமாட்டான். நாங்களும் இங்கிலீசில கதைக்கிறதோ?

பதில்: வேண்டாம். நிறம் சொல்வது வேறு, தண்ணீர் கேட்பது வேறு. அம்மம்மாவும் கடைக்காரரும் பேசுகிற மொழிதான் அவனுக்குப் பழகுவதற்கு வேண்டியது. அவன் இங்கிலீசில் சொன்னதைத் திருத்தாமல், தமிழில் நீங்கள் ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள். போனைத் தனியாகக் கொடுக்காமல் பக்கத்தில் இருந்து, இடையில் நிறுத்தி, ‘போடு’ என்று கேட்கவையுங்கள்.

வவுனியாத் தாய்: மகள் எட்டாம் வகுப்பு. படிப்பு நல்லம். “நீ என்ர ஃபிரண்ட் எண்டால் தா” எண்டு ஆராவது கேட்டால் சாப்பாட்டுக் காசை அப்படியே குடுத்துவிடுவா. சிநேகிதிகள் இருக்கினமே எண்டு முதலில சந்தோசப்பட்டன்.

பதில்: பொம்பிளைப் பிள்ளைகளிடம் ஓட்டிசம் பல தடவை இப்படி மறைந்துதான் இருக்கும். மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளித்துக்கொள்வார்கள். “ஆரோடும் கவனமாயிரு” என்ற புத்திமதி மகளுக்கு உதவாது. எழுதி வையுங்கள்: பென்சில் கேட்டால் கொடுக்கலாம், காசு கேட்டால் “அம்மாவிடம் கேட்டுச் சொல்லுறன்.” இதை வீட்டில் அண்ணனோடு நடித்துப் பழகட்டும். அண்ணன் முதலில் மெதுவாக, பிறகு கெஞ்சி, பிறகு கோபித்துக் கேட்கட்டும். வீட்டில் வந்தது வெளியில் தானாக வராது. பயணத்தில் முறிகண்டியில் இறங்கினால் கச்சானை மகளே விலை கேட்டு, மிச்சக் காசை எண்ணி வாங்கட்டும். கூட ஒரு பை திணித்தால் “வேண்டாம்” சொல்லட்டும்.

வீட்டுக்கு வரும் உறவினர் முத்தம் கேட்டு அவள் பின்வாங்கினால், “மாமாவுக்குக் குடு” என்று தள்ளாதீர்கள். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்துக் காசு விசயத்தைச் சொல்லுங்கள். ஆனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முதலில் மகளிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.