மேலே பளபளப்பு, அடியில் சடை

கேள்வி: எங்கள் ஷிட்ஸு நாய்க்கு ஒன்றரை வயது. தினமும் சீவிவிடுகிறோம். ஆனாலும் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி கட்டிகட்டியாகச் சடை பிடிக்கிறது. சீப்பை எடுத்தாலே கடிக்க வருகிறான். மொட்டை அடித்துவிடலாமா?

பதில்: தினமும் சீவியும் சடை விழுகிறது என்றால், பிரஷ் மேல்முடியோடு நின்றுவிடுகிறது. ஷிட்ஸுவுக்கு நீள முடிக்கு அடியில் மென்மையான உள்முடி உண்டு. அது உதிரும்போது பெரும்பாலும் தரையில் விழாது. நீள முடியிலேயே மாட்டிக்கொண்டு தோலை ஒட்டித் திரளும். உரசல் இருக்கும் இடத்தில்தான் இது அதிகம்: காதுக்குப் பின், அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில். வீட்டில் இருக்கும்போது பட்டையைக் கழற்றி வையுங்கள்.

ஒரு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ளது), ஒரு ஸ்டீல் சீப்பு, ஒரு ஸ்ப்ரே பாட்டில் போதும். பாட்டிலில் 200 மி.லி. தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் நாய்க்கான கண்டிஷனர் கலந்து லேசாகத் தெளியுங்கள். வறண்ட முடியைச் சீவினால் அறுந்துபோகும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடியுங்கள். அடியில் தோல் தெரியும்படி வகிடு எடுத்து, அங்கிருந்து ஒரு விரல் அகலமுள்ள முடியை மட்டும் கீழே இறக்கிச் சீவுங்கள். பிறகு அடுத்த வரிசை. பிரஷை அழுத்தாதீர்கள், அதன் கம்பி முனை தோலைச் சிராய்த்துவிடும். ஒவ்வொரு இடத்தையும் முடித்ததும் ஸ்டீல் சீப்பைத் தோலிலிருந்து நுனிவரை ஓட்டிப் பாருங்கள். தடங்கினால் அங்கே வேலை பாக்கி.

சடை வந்தால், அதற்கும் தோலுக்கும் இடையே முடியை இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுவை விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. கண்டிஷனர் தொட்டு விரலாலேயே பிரித்து, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பால் எடுங்கள். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். சடையைத் தூக்கும்போது மெல்லிய தோலும் கூடவே எழும்பி வரும்; முடி என்று நினைத்து வெட்டினால் தோல் கிழியும். பிரியாத சடையை கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கடிக்க வருவது பெரும்பாலும் வலியால்தான். இன்று முதுகு, நாளை கால் என்று ஐந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், அதுவும் அவன் முரண்டு பிடிப்பதற்கு முன்பே. உப்பு போடாமல் வேகவைத்த கோழித் துண்டைச் சின்னச் சின்னதாக நடுநடுவே கொடுங்கள். காதைத் தொட்டால் மட்டும் கத்துகிறான், உள்ளே நாற்றம் அடிக்கிறது என்றால் அது சீவல் பிரச்சினை இல்லை. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குளிப்பாட்டுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். சிக்கெடுத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்து காய்ந்த சடை இன்னும் இறுகிவிடும். நம் ஷாம்பு, சீயக்காய் இரண்டும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, குறைந்த சூட்டில் டிரையர் காட்டியபடியே சீவுங்கள். ஈரத்தோடு விட்டால் அக்குளில் மறுபடி சடைதான். இந்த இனத்துக்குக் கண் சற்றுத் துருத்தி நிற்கும். முகத்தில் சீப்பைக் கண்ணிலிருந்து வெளிப்பக்கமாகவே ஓட்டுங்கள்.

மொட்டை தேவையில்லை. தோல் தெரிய மழித்தால் வெயில் சுடும். இரண்டு, மூன்று செ.மீ. விட்டுக் குட்டையாக வெட்டிவிடலாம்; ஆனால் குட்டை முடியிலும் காதுக்குப் பின்னால் சீப்பு ஓட்டுவதை விடக்கூடாது.