முதியோர் இல்லமும் ராத்திரி டியூட்டியும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, பிறகு ஒரு முதியோர் இல்லத்தையும் சில வருடம் கவனித்துக்கொண்டேன். ஆள் பற்றாக்குறை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: சிஸ்டர், அம்மாவைச் சேர்க்கப்போகும் இல்லத்தில் ஆள் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்தம் எத்தனை பேர் வேலைக்கு என்று கேட்டால் பெரிய எண்ணாகத்தான் சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் முழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துடைத்துத் துணி மாற்றவும் சேர்த்து ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால், பத்துப் பேருக்கு நூறு நிமிடம். ஒற்றை ஆளாக இருந்தால் மிச்சம் இருபது நிமிடம். பாத்ரூம், தண்ணீர், திடீர் மூச்சுத்திணறல் எல்லாம் அதற்குள்தான். அப்புறம், ஒரு ஞாயிறு சாயங்காலம் சொல்லாமல் போய், தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கை எட்டாத ஜன்னல் திண்டில் இருந்தால் யோசியுங்கள்.

துபாயிலிருந்து வள்ளியூர்க்காரர்: நடந்துகொண்டிருந்த அப்பாவுக்கு டயப்பர் போட்டுவிட்டார்கள். வயசாகிவிட்டது என்கிறார்கள்.

இருக்கலாம் தம்பி. ஆனால் கைபிடித்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வரக் கால் மணி நேரம், டயப்பர் மாற்ற ஐந்து நிமிடம். ஆள் இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம்தான் ஜெயிக்கும். படுத்தே கிடந்தால் தொடைச் சதை வற்றி, பிறகு நிஜமாகவே நடக்க முடியாமல் போகும். தினம் இரண்டு வேளையாவது நடக்க வைக்கச் சொல்லுங்கள்.

வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். குதிகாலைக் காட்டச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் ஆரம்பம். நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுக்குக் கீழேயும் அப்படியே.

வீரவநல்லூர்: ஆச்சி இரண்டு நாளாக ஆள் தெரியாமல் பேசுகிறாள். மறதி நோயா?

மறதி நோய் இரண்டு நாளில் வராது. தண்ணீர் குறைந்தாலும் சிறுநீரில் தொற்று இருந்தாலும் இப்படி ஆகும். புதிதாகத் தூக்க மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

முக்கூடல்: சம்பளம் கொடுத்தும் ஏன் ஆள் நிற்பதில்லை?

உங்கள் ஊரில் கேட்கிற கேள்வியா இது! வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளையைப் பார்க்கலாம். ராத்திரி டியூட்டிக்குப் போனால் திரும்பப் பஸ் கிடையாது. படித்த நர்ஸ் வளைகுடாவுக்குப் போய்விடுவாள். ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் இருக்கிறவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். சுடலைமாடன் கூப்பிட்டால் மேனேஜர் லீவு இல்லை என்று சொல்லவா முடியும்? கொடைத் தேதிகளை முன்கூட்டியே கேட்டுவைத்து மாற்று ஆள் பிடிப்பதுதான் நிர்வாகத்தின் வேலை.

களக்காடு: புகார் எங்கே?

14567, முதியோர் உதவி எண். மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம்.

பெயர் வேண்டாம்: நான் ராத்திரியில் ஒற்றை ஆளாகப் பார்க்கிறேன் அக்கா. என்ன செய்ய?

விழக்கூடியவர்களின் கட்டிலை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுங்கள். புரட்டாமலே புரட்டியதாக நோட்டில் டிக் போடாதீர்கள். மூன்று மணிக்கு முடியவில்லையென்றால் "ஆள் இல்லை, முடியவில்லை" என்றே எழுதுங்கள். காலையில் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.