எண்ணெய் தெறித்த கைக்கு பேஸ்ட் வேண்டாம்

சகோதரி, வடை சுடும்போது எண்ணெய் தெறித்து ஒரு மணி நேரமாகிறது, மணிக்கட்டில் கொப்புளம், மாமியார் பேஸ்ட் தடவச் சொல்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து தடவாதீர்கள். முதலில் வளையலைக் கழற்றுங்கள், வீங்கிவிட்டால் கழலாது. அப்புறம் குழாயை மெல்லத் திறந்து 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். சுட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் இதற்குப் பலன் உண்டு. மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் சூடாக வந்தால், குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், தோல் இன்னும் புண்ணாகும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள், அந்தத் தோல்தான் கிருமி புகாமல் காக்கிறது. பஞ்சு ஒட்டிக்கொள்ளும், சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். மூட்டுப் பகுதி என்பதால் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கடைசியாக டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.